யாரெல்லாம் பார்க்கலாம்

செம்பூர், மும்பை
12 ஜூன் 2024

அன்புத் தங்கை இசக்கிசெல்விக்கு,

அக்கா மீனாட்சி எழுதுவது. இங்கே நான், மகன் பேச்சிராஜா, மருமகள் மாரிசெல்வி மூவரும் சுகம். வள்ளியூரில் நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? மாப்பிள்ளைக்கு முழங்கால் வலி குறைந்ததா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று மருமகள் கேட்கிறாள். இந்த வீட்டில் ஒரு மூலையில் பேசினால் மறு மூலையில் இருப்பவர் பதில் சொல்வார். உன் வீட்டிலோ போன் மாப்பிள்ளையின் சட்டைப் பையில் இருக்கிறது. ஸ்பீக்கரில் போட்டு உன் பங்குப் பேச்சையும் அவரே பேசிவிடுகிறார். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. மகனும் மருமகளும் தமிழ் பேசுவார்கள், படிக்கத் திணறுவார்கள். தாராவி முனிசிபல் பள்ளியில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தமிழ் சொல்லிக்கொடுத்துவிட்டு, என் பிள்ளையை இங்கிலீஷ் மீடியத்தில் போட்டேன். அதிலும் ஒரு வசதி இருக்கிறது பார்.

புது விஷயம் ஒன்று. நான் சர்க்கரைக்குக் காட்டும் ஆஸ்பத்திரியில் இப்போது எல்லாம் போனிலேயே ஒரு ஆப்பில் வந்துவிடுகிறது. ரத்தப் பரிசோதனை முடிவு, மருந்துச் சீட்டு, டாக்டர் எழுதும் குறிப்பு, எல்லாம். 'நம்பிக்கையானவர்' என்று ஒருவரைச் சேர்க்கச் சொல்கிறது. சேர்த்தால் அவர் போனிலும் அவை தெரியும். பேச்சிராஜா பெயரைக் கொடுத்துவிட்டேன். கட்டடத்துப் பெண்கள், அது சரியா தப்பா டீச்சர் என்று கேட்டார்கள். பக்கத்து வீட்டில் ஒரு சாவி கொடுத்து வைக்கிறோமே, அதைப்போலத்தான் என்று விளக்கினேன். நாம் உள்ளே மயங்கிக் கிடந்தால் யாராவது திறந்து வரவேண்டாமா? அன்றைக்கே சிலர் தங்கள் பிள்ளைகளைச் சேர்த்துவிட்டார்கள். நீயும் அங்கே இப்படி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுப் பார்.

நீ போன கடிதத்தில் கேட்டிருந்த மற்ற விஷயம் அப்படியேதான் இருக்கிறது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

உன் நலத்தையே நினைக்கும்
மீனாட்சி அக்கா


வள்ளியூர்
30 ஜூன் 2024

அக்காவுக்குத் தங்கை இசக்கியின் வணக்கம்.

கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். அவருக்கு முழங்கால் தேவலை. கண்டக்டர் வேலையில் நின்றே பழகிய மனுஷன், ஓய்வு பெற்ற பிறகும் வீட்டுக்குள் நின்றுகொண்டேதான் இருக்கிறார். என்னையும் உட்கார விடுவதில்லை. காபி, வெந்நீர், கண்ணாடியைக் காணோம், ஏதாவது ஒன்று.

எழுத ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறாய். எப்படி அக்கா ஒன்றுமில்லாமல் போகும்? கர்ப்பப்பை இறங்கி வெளியே தட்டுப்படுகிறது என்று, கல்யாண மண்டபத்துப் பாத்ரூம் வாசலில் வைத்து என் காதில் சொன்னாய். ஆறு வருஷம் ஆகிறது. யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கினாய். நான் சொல்லவில்லை. ஆனால் நீயும் ஒரு டாக்டரிடம்கூடச் சொல்லவில்லை. இந்தத் தடவை என் சொல்லைக் கேள். அந்த ஆஸ்பத்திரியிலேயே பெண் டாக்டர் இருப்பார். போ. அவர் எப்படிப் பார்க்கிறார், என்ன கேட்கிறார், வலிக்கிறதா, எல்லாவற்றையும் விட்டுவிடாமல் எனக்கு எழுது.

இன்னொன்று. உன் சீட்டெல்லாம் பேச்சிராஜாவுக்குத் தெரியும் என்கிறாயே, நீ பெண் டாக்டரிடம் போனால் அதுவும் தெரியுமா?

எனக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன். இடுப்புதான் கொஞ்சம். வேலை செய்கிறவளுக்கு அது உள்ளதுதானே.

அன்புடன்
இசக்கி


செம்பூர்
21 ஜூலை 2024

அன்புள்ள இசக்கி,

நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். முடியவில்லை. நீ சுகமாயிரு.

போனேன். மாட்டுங்காவில் கோயிலுக்குப் போய்விட்டுப் பூ வாங்கி வருகிறேன் என்று வீட்டில் சொன்னேன். கோயிலுக்கும் போனேன், பூவும் வாங்கினேன். நடுவில் ஆஸ்பத்திரி.

டாக்டர் சின்னப் பெண், மராட்டிக்காரி. மேஜையில் படுக்கச் சொன்னாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டு பதினேழாம் வாய்ப்பாட்டை மனத்துக்குள் சொன்னேன். வலி அதிகமில்லை, நீ பயப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை. எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்ட பிறகு, "எத்தனை வருஷமா இருக்கு, ஆஜி?" என்று இந்தியில் கேட்டாள். பாட்டி என்கிற மாதிரி. ஆறு என்றேன். பேனாவை வைத்துவிட்டாள். "ஆறு வருஷமா? வீட்ல யாருமே கவனிக்கலையா?" கவனிக்கவிடவில்லை என்று எப்படிச் சொல்வது? சிரித்து வைத்தேன்.

நன்றாக இறங்கிவிட்டதாம். உரசி உரசிப் புண்ணும் இருக்கிறது. புண்ணுக்கு மருந்து. கொஞ்ச நாளைக்கு உள்ளே ஒரு ரப்பர் வளையம் வைத்துத் தாங்கலாம். ஆனால் எனக்கு ஆபரேஷன்தான் நல்லது என்றாள். கனம் தூக்கக்கூடாது, குத்தவைத்து உட்காரக்கூடாது. ஒரு காகிதத்தில் படம் வரைந்து விளக்கிவிட்டு, அதையும் போட்டோ எடுத்து என் குறிப்போடு சேர்த்துக்கொண்டாள். நான்கூடக் கரும்பலகையில் அவ்வளவு தெளிவாக வரைந்ததில்லை.

கேள்வித்தாளின் கடைசிக் கேள்வியைப் பார்க்காமல் எழுந்து வரும் பிள்ளைகளை எவ்வளவு திட்டியிருக்கிறேன்! நானே அப்படிச் செய்தேன். நீ கடிதத்தில் கடைசியாகக் கேட்டிருந்ததை மறந்துபோனேன். வீட்டுக்கு வந்து, பால்கனியிலிருந்து தண்ணீர்க் குடத்தை எடுக்கக் குனிந்தேன். அப்போதுதான் வேலையிலிருந்து வந்த பேச்சிராஜா, செருப்பைக்கூடக் கழற்றாமல் கத்தினான்.

"அம்மா! வை அத! தூக்காத!"

மாரிசெல்வி சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். "க்யா ஹுவா? ஏன் இப்பிடிக் கத்துறீங்க?"

"ஒன்னுமில்ல. வயசாகுதுல்ல. இனிமே தண்ணிய நான் எடுத்து வைக்கேன்."

என் முகத்தைப் பார்க்கவில்லை. குடத்தைப் பார்த்தே சொன்னான். மறுநாள், கழிப்பறையில் போட்டு உட்காரும் உயரமான நாற்காலி ஒன்றை ரிக்‌ஷாவில் கொண்டுவந்து இறக்கினான். யாருக்கு என்று மருமகள் கேட்டதற்கு, ஆபர் இருந்துச்சு என்றான்.

இசக்கி, டாக்டர் எழுதியது நான் பஸ் ஏறுவதற்கு முன்பே அவன் போனுக்குப் போய்விட்டது. புண் என்றும், எங்கே என்றும். நான் பெற்ற பிள்ளை, நாற்பது வயது ஆண்பிள்ளை, அதைப் படித்திருக்கிறான். அவன் வீட்டில் இருக்கும்போது நான் அறையைவிட்டு வெளியே வருவதில்லை.

மீனாட்சி


வள்ளியூர்
11 ஆகஸ்ட் 2024

அக்காவுக்கு,

இங்கே சுகம். உனக்குத் தைரியம் சொல்லத்தான் எழுதுகிறேன். பெற்ற பிள்ளைதானே அக்கா. அவன் குழந்தையாய் இருந்தபோது நீ அவனுக்குச் செய்யாததா? படித்த பிள்ளை, தப்பாக நினைக்கமாட்டான். நாற்காலி வாங்கி வந்திருக்கிறானே, அதைப் பார்.

இப்படி எழுதிவிட்டேன். எனக்கே நடந்திருந்தால் நானும் அறைக்குள்தான் கிடப்பேன். அதனால் உன்னைக் குறை சொல்லவில்லை.

அந்த ரப்பர் வளையத்தைப் பற்றி நீ சரியாக எழுதவில்லை. அதை வைக்க ஆஸ்பத்திரியில் தங்க வேண்டுமா, அன்றைக்கே திரும்பலாமா? வைத்தால் வெளியே தெரியுமா? சும்மாதான் கேட்கிறேன். ஆபரேஷன் தேதி சொன்னார்களா?

மாடிப்படி பார்த்து இறங்கு.

இசக்கி


செம்பூர்
3 செப்டம்பர் 2024

அன்புள்ள இசக்கிக்கு,

சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. வளையம் வைக்கத் தங்க வேண்டாமாம். சிறிது நேர வேலைதானாம், வெளியே தெரியாதாம். எனக்கு அது வேண்டாம் என்றுவிட்டேன். அக்டோபர் கடைசியில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

பேச்சிராஜாவின் பெயரை எடுத்துவிட்டேன். போனை வைத்துக்கொண்டு நானே தேடிக் கண்டுபிடித்தேன். 'நீக்கு' என்று இருந்தது, அமுக்கினேன். அவனுக்குச் செய்தி போகும் என்று எனக்குத் தெரியாது. காலையில் பல்கூட விளக்காமல் போனோடு வந்து நின்றான்.

"என்னம்மா இது? உனக்கு எம்மேல பரோசாவே இல்லியா?"

"நம்பிக்கை இல்லாம என்ன. அது வேற."

"வேறன்னா? நான் யாரு இந்த வீட்ல, வாட்ச்மேனா? கேன்சரா? சொல்லு. கேன்சர்னா சொல்லிரு."

"அதெல்லாம் ஒன்னுமில்லடா."

"அப்ப ஏன் மறைக்கிற?"

மாரிசெல்வி பால் பொங்குவதைக்கூடப் பார்க்காமல் நின்றாள். "எனக்கு ஒன்னுமே சொல்றதில்ல இந்த வீட்ல. அத்தை, அவர் வேணாம்னா என் பேரையாச்சும் போட்டிருக்கலாம்ல?"

நான் அவளை ஒரு நாள்கூட என் துணியைத் துவைக்க விட்டதில்லை. ஏன் என்று அவள் கேட்டதில்லை. டீச்சர் சுத்தக்காரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். பேச்சிராஜா டிபன் பாக்ஸை எடுக்காமல் போய்விட்டான். அன்றிலிருந்து வீட்டில் தேவைக்கு மட்டும்தான் பேச்சு.

சாவி என்று கட்டடத்துப் பெண்களுக்கு உதாரணம் சொன்னேனே, தப்பான உதாரணம். சாவி கொடுத்தால் வீட்டுக்குள்தான் வருவார்கள். இது அப்படியில்லை. என் பிள்ளையிடம் என் உயிரைக் கொடுப்பேன், ஆனால் என் உடம்பைப் பற்றி அவன் படிக்கக் கூடாது. இதற்கு எந்த உதாரணமும் எனக்குக் கிடைக்கவில்லை.

ஒரு நல்ல காரியம் செய்தேன். அந்த இடத்தில் உன்னைச் சேர்த்துவிட்டேன். இனி எனக்கு ஏதாவது ஆனால், உடம்பு விவரம் தெரிந்த ஒருத்தி இருக்கிறாய். உன் எண்ணுக்கு ஒரு ஓடிபி வரும், அதைக் கேட்டு இங்கே போட வேண்டும் என்றது. போன் செய்தேன். வழக்கம்போல மாப்பிள்ளைதான் எடுத்தார். "சொல்லுங்க மைனி, நம்பர்தானே, இதோ வாசிக்கேன்" என்று கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக வாசித்தார். என்ன, ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தங்கமான மனுஷன்.

உனக்குத் தெரிந்தால் எனக்குக் கூச்சமில்லை. உனக்கு மட்டும்தான்.

மீனாட்சி அக்கா


செம்பூர்
9 அக்டோபர் 2024

இசக்கி,

ஒரு மாதத்துக்கு மேலாக உன்னிடமிருந்து பதில் இல்லை. சுகமாக இருக்கிறாயா?

நேற்று போன் செய்தேன். மாப்பிள்ளை எடுத்தார். நீ குளிக்கப் போயிருப்பதாகச் சொன்னார். வழக்கமாக மழை, பஸ், தேர்தல் என்று அரை மணி நேரம் பேசுகிறவர், குரலைத் தாழ்த்தி, "உடம்பப் பாத்துக்கிடுங்க மைனி. கனமா எதுவும் தூக்காதிய" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இந்த மனுஷன் என்றைக்கு என் உடம்பைப் பற்றிக் கேட்டிருக்கிறார்?

எண் உன்னுடையது. போன் அவர் சட்டைப் பையில் இருக்கிறது. நானே உனக்கு அதை எழுதியிருக்கிறேன், கேலியாக. அது தெரிந்துகொண்டே, உன் எண்ணைக் கொடுத்தால் உன்னிடம் போய்ச் சேரும் என்று நினைத்தேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட, போன் யாரிடம் இருக்கிறது டீச்சர் என்று கேட்டிருக்கும்.

அவர் பார்த்தாரா? படமும் இருந்ததே அதில். டாக்டர் கையால் வரைந்த படம்.

உன் பெயரையும் எடுத்துவிட்டேன். இப்போது அந்த இடத்தில் யாரும் இல்லை. ஆபரேஷனுக்கு வரவில்லை என்றும் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டேன்.

மீனாட்சி


வள்ளியூர்
25 அக்டோபர் 2024

அக்கா,

உன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று தெரியாமல்தான் எழுதவில்லை. மன்னித்துவிடு.

அவர் பார்த்தார். நீ கேட்ட எண்ணை வாசித்த பிறகு போனில் ஒரு செய்தி வந்திருக்கிறது. பென்ஷன் சம்பந்தமானது என்று நினைத்து அதை அமுக்கியிருக்கிறார். உன் பெயரைப் பார்த்ததும் மூடியிருக்க வேண்டாமா? மூடவில்லை. மைனிக்கு என்னமோ பெரிய வியாதி என்று பயந்துபோய் எல்லாவற்றையும் திறந்து பார்த்திருக்கிறார். இங்கிலீஷ் புரியவில்லை. ஒரு வார்த்தையைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டுபோய், பஸ் ஸ்டாண்டு மெடிக்கலில் அர்த்தம் கேட்டிருக்கிறார். யாருக்கு என்று சொல்லவில்லை என்று சாமி மேல் சத்தியம் செய்கிறார். நான் அவரோடு பேசுவதில்லை.

மெடிக்கல்காரர் அவரிடம் வேறு சிலதும் சொல்லியிருக்கிறார். அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். இப்போது கை வரவில்லை.

ஆபரேஷனை மட்டும் வேண்டாம் என்று சொல்லாதே அக்கா. உன் காலில் விழுகிறேன். பதில் போடு.

இசக்கி


செம்பூர்
24 நவம்பர் 2024

சித்திக்கு,

பேச்சிராஜா எழுதறேன். எனக்குத் தமிழ் எழுதி ரொம்ப நாள் ஆச்சு. தப்பு இருந்தா மன்னிச்சுக்கோங்க. போன் பண்ணலாம். ஆனா சித்தப்பாகிட்ட இதெல்லாம் பேச முடியாது, அதான் லெட்டர்.

அம்மா இப்ப வீட்டுக்கு வந்துட்டாங்க, பயம் இல்லை. போன வாரம் குளிர் காய்ச்சல். ஒன்னுக்கு வரலைன்னு ரெண்டு நாளா யார்கிட்டயும் சொல்லலை. வயிறு வீங்கி, நினைவு இல்லாம பேச ஆரம்பிச்சதும் பக்கத்து நர்சிங் ஹோமுக்குத் தூக்கிட்டுப் போனோம். அங்க டாக்டர், முன்னாடி என்ன ப்ராப்ளம், ரிப்போர்ட் எங்கன்னு கேட்டார். நான் ஆப்பைத் திறந்தா, உங்களுக்கு அனுமதி இல்லைன்னு வருது. அம்மா போனுக்கு லாக்.

சித்தி, உண்மையைச் சொல்றேன். எனக்கு ரிப்போர்ட் தேவையே இல்லை. என்ன ப்ராப்ளம்னு ஜூலை மாசமே எனக்குத் தெரியும். லோக்கல் ட்ரெயின்ல நின்னுக்கிட்டே படிச்சேன். பாதியில மூடிட்டேன். செம்பூர்ல இறங்காம கோவண்டி வரைக்கும் போயிட்டேன். அவ்வளவும் தெரிஞ்சும் அந்த டாக்டர் கேட்டப்போ வாய் வரலை. பக்கத்துல மாரி, நர்ஸ், கம்பவுண்டர் எல்லாரும் நிக்கறாங்க. எங்க அம்மாவைப் பத்தி அந்த வார்த்தையை எப்படிச் சொல்றதுன்னு நின்னேன். டாக்டர் ரெண்டு தடவை கேட்டார். மாரி, "ஜல்தி சொல்லுங்க, தெரியும்னா சொல்லுங்க"ன்னு அழுதா. கடைசியில போன்ல டைப் பண்ணிக் காட்டினேன். அவர் பார்த்ததும், இதை முதல்லயே சொல்ல என்னன்னு திட்டிட்டு உடனே ட்யூப் போட்டார்.

அம்மா என் மேல பரோசா இல்லாமதான் பேரை எடுத்தாங்கன்னு மூணு மாசமா கோவமா இருந்தேன். இப்ப எனக்கே என் மேல இல்லை. அம்மா என்னைப் பார்த்தா சுவர் பக்கம் திரும்பிக்கிறாங்க. நீங்க எழுதினா கேட்பாங்க. ஆபரேஷன் பண்ணலைன்னா இது திரும்பத் திரும்ப வருமாம்.

பேச்சிராஜா


வள்ளியூர்
8 டிசம்பர் 2024

என் அக்காவுக்கு,

பேச்சிராஜா எழுதியது வந்தது. எழுத்துக்கு எழுத்து தடவி எழுதியிருக்கிறான். நீ இப்போது எப்படி இருக்கிறாய்? காய்ச்சல் விட்டதா?

அன்றைக்கு நிறுத்திய இடத்திலிருந்து எழுதுகிறேன். அவர் துண்டுச் சீட்டை நீட்டியதும் மெடிக்கல்காரர், "அண்ணாச்சி, வீட்ல அக்காவுக்கா?" என்று கேட்டிருக்கிறார். இவர் பதில் சொல்லவில்லை. சரி, எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு அவர் விளக்கியிருக்கிறார். ரொம்ப நேரம் உட்காரமாட்டார்கள், சுவரைப் பிடித்துத்தான் எழுந்திருப்பார்கள், இருமும்போது ஓடிப்போவார்கள், இடுப்பு வலி என்று மட்டும் சொல்லுவார்கள் என்று. இவர் வீட்டுக்கு வந்து பத்து நாள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் உன் விஷயத்தால் இப்படி முறைக்கிறார் என்று நினைத்தேன்.

பிறகு ஒரு நாள் சந்தைக்குப் போய்விட்டு பஸ்ஸுக்கு நிற்கிறோம். பெஞ்சில் இடம் இருந்தது, நான் உட்காரவில்லை. அத்தனை ஜனத்துக்கு நடுவில் கேட்கிறார்:

"ஏளா, ஒனக்கும் அதானா?"

"எது?"

"மைனிக்கு உள்ளது."

பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். சும்மா வாங்க என்றேன். அவர் விடவில்லை. "ஆயுசு பூரா பஸ்ஸுல நிக்கிற பொம்பளைக்கெல்லாம் எடம் புடிச்சுக் குடுத்திருக்கேன். வீட்டுல ஒருத்தி உக்கார முடியாம நிக்கா, பாக்காமப் போயிட்டனே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்றவர்கள் யாரோ இறந்துவிட்டதாக நினைத்திருப்பார்கள்.

ஆமாம் அக்கா. எனக்கும்தான். கடைசிப் பிள்ளை பிறந்ததிலிருந்து. மண்டபத்தில் நீ என் காதில் சொன்னபோதே எனக்கு இருந்தது. உன்னிடம்கூடச் சொல்லவில்லை. டாக்டர் எப்படிப் பார்த்தார், வளையம் எப்படி என்று உன்னைக் கேட்டதெல்லாம் எனக்காகக் கேட்டது. உன்னை முன்னால் அனுப்பிவிட்டு நான் பின்னால் ஒளிந்து நின்றேன். இதை எழுதும்போது எனக்குக் கூசுகிறது.

நாகர்கோவிலில் காட்டினோம். வளையம் வைத்தார்கள். நீ எழுதியதுபோலவே அன்றைக்கே திரும்பிவிட்டேன். அவருக்குத் தெரியாமல் இருந்திருந்தால் நான் போயிருக்கவே மாட்டேன். அதற்காக அவர் உன்னுடையதைப் பார்த்தது சரி என்று சொல்லமாட்டேன். அவருக்கும் அது தெரிகிறது. நீ எப்போது போன் செய்தாலும் இனி என்னிடம் கொடுத்துவிட்டுத் தெருவுக்குப் போய்விடுவாராம்.

பேச்சிராஜாவை நினைத்துப் பார் அக்கா. அவன் படித்ததுகூடப் பெரிதில்லை. தெரிந்தும் வாய் திறக்க முடியாமல் நின்றிருக்கிறான். அந்தக் கூச்சத்தை அவன் யாரிடம் கற்றுக்கொண்டான்?

இசக்கி


செம்பூர்
16 பிப்ரவரி 2025

அன்புள்ள இசக்கிக்கு,

உன் கடிதத்தைப் படித்த பிறகு நானே ஆஸ்பத்திரியில் தேதி கேட்டு வாங்கினேன். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். தையல் ஆறிக்கொண்டிருக்கிறது, பசிக்கிறது, தூங்குகிறேன். நீ வளையத்தைச் சுத்தம் செய்யப் போக வேண்டிய நாளை மறந்துவிடாதே. மாப்பிள்ளையோடு எனக்குக் கோபமில்லை. ஆனால் அவர் இன்னும் கொஞ்ச நாள் தெருவுக்கே போகட்டும்.

கூச்சத்தை யாரிடம் கற்றுக்கொண்டான் என்று கேட்டிருந்தாயே, அந்தக் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வகுப்பில் பெண் உடம்பைப் பற்றிய பாடம் வரும்போது, வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்று பக்கத்தைத் திருப்பிவிடுவேன். வீட்டில் யாரும் படிக்கவில்லை, என் வீட்டிலும்தான்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று நர்ஸ் வந்து, உங்கள் ரிப்போர்ட்டை யாரெல்லாம் பார்க்கலாம் என்று கேட்டாள். பேச்சிராஜா உடனே எழுந்து, "நான் வெளிய நிக்கேம்மா. மாரி பேரப் போட்டுக்கோ" என்றான்.

மாரிசெல்வி விடுவாளா? "நான் மட்டும் எதுக்கு? ஆறு வருஷம் இத வச்சிக்கிட்டுதான் என்கூட டெய்லி சண்ட போட்டீங்களா அத்தை? முன்னாடியே தெரிஞ்சிருந்தா நான் ஜெயிச்சிருப்பேன்ல!" என்றாள். நர்ஸுக்குத் தமிழ் தெரியாது. நான் சிரித்துத் தொலைத்தேன்.

இருவர் பெயரையும் நானே போட்டேன். மகனிடம் சொன்னேன்: "பாரு. ஆனா பாத்துட்டு நாற்காலி வாங்கிட்டு வராத. மூஞ்சிக்கு நேரா என்கிட்ட கேளு."

சரி என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

வெட்கம் போய்விட்டது என்று நினைக்காதே. போகவில்லை. ஆபரேஷனுக்கு மறுநாள் அந்த டாக்டர் பெண் வந்தாள். வார்டில் எத்தனையோ கட்டில், திரையும் சரியாக மூடவில்லை. வீட்டில் கவனமாக இருக்க வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டு, ஏதாவது கேட்க வேண்டுமா என்றாள். பேச்சிராஜா தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவன் காது சிவந்திருந்தது. பிறகு நிமிர்ந்து, இந்தியில் கேட்க ஆரம்பித்தான். நர்சிங் ஹோமில் அவன் வாய்க்கு வராத அந்த வார்த்தையையே சொல்லிக் கேட்டான். கர்ப்பப்பை எடுத்த இடம் எப்போது ஆறும், புண் திரும்ப வருமா, அம்மா எப்போது படி ஏறலாம். குரல் முதலில் கம்மியது. கடைசியில் பக்கத்துக் கட்டில்காரர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்கு இருந்தது. நான் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டேன்.

அவன் எல்லாம் கேட்டுவிட்டான் என்று டாக்டர் கிளம்பினாள். ஒன்று பாக்கியிருந்தது. எனக்குத்தான் தெரியும். உனக்குக்கூட எழுதாதது. இத்தனை வருஷம் மருமகளைத் துவைக்கவிடாமல் நானே துவைத்த துணிக்குக் காரணம்.

போர்வையை எடுக்காமலே சொன்னேன்:

"பேச்சி, சிரிச்சா இருமுனா ஒன்னுக்குச் சொட்டுதே, அது நிக்குமான்னு கேளு."

கேட்டான்.

மீனாட்சி